மருத்துவச்சி எங்கே போனாள்?

படம் போட்டு நாலு நாள் கழித்து, புதன்கிழமை காலையில் கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷின் சூடாகிக்கொண்டிருக்கும்போது ஆச்சி போன் செய்தார்கள்.

“தம்பி, அந்த மருத்துவச்சி என்ன ஆனா?”

எந்த மருத்துவச்சி என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. தெரிந்த வீட்டில் யாருக்கோ பிரசவமோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. சனிக்கிழமை ராத்திரி ஆச்சி வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) போட்ட படத்தைக் கேட்கிறார்கள். அல்போன்ஸோ குவாரோன் எடுத்து 2006-ல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் மென்’. கர்ப்பிணிப் பெண்ணோடு வருகிற மிரியம் என்ற மருத்துவச்சியைப் பஸ்ஸில் இருந்து போலீஸ் இறக்கிவிடும். அதற்குப் பிறகு படத்தில் அந்த அம்மா இல்லை.

“அதுக்கப்புறம் காட்டல ஆச்சி” என்றேன்.

“காட்டலைன்னா? பிள்ளை பெறப் போறவளைக் கூட்டிக்கிட்டு வந்தவளாச்சே. அவளை அப்படியே விட்டுட்டா போவாக?”

அந்தப் படத்தைப் பற்றி அதற்குள் எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். கேமரா வெட்டே இல்லாமல் எவ்வளவு நேரம் ஓடுகிறது, ரத்தத்துளி லென்ஸில் தெறித்தும் காட்சியை நிறுத்தாமல் விட்டது எப்பேர்ப்பட்ட தைரியம், இதெல்லாம் இருந்தது. மிரியம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒன்பது வருஷமாகப் பார்க்கிற படங்களைப் பற்றி நோட்டில் எழுதுகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை ஏழு பேர் கூடிப் படம் பார்க்கிறோம்: வங்கியில் ஓய்வு பெற்ற ஒரு சார், அழகப்பா பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர், ஒரு தையல்காரர், ஒரு கல்லூரி ஆசிரியை, நான், என் மனைவி. கூடுகிற இடம் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் ஒரு செட்டிநாட்டு வீடு. என் அப்பா அந்த வீட்டுக்குக் கணக்கு எழுதியவர். இப்போது அங்கே இருப்பது 84 வயது ஆச்சியும், துணைக்கு இருக்கிற ஒரு அம்மாவும்தான். பங்காளிகளின் அறைகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கின்றன. படைப்புக்கும் (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) கல்யாணத்துக்கும் சாவி வரும், திறப்பார்கள், சமைப்பார்கள், மறுபடி பூட்டுவார்கள். தெருவில் இருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். நிலைக்கதவில் தூசி, முகப்பில் மயில்.

இரண்டு வருஷமாக நாங்கள் அதிகம் பார்த்தது டிஸ்டோபியன் படங்கள். உலகம் நாளைக்கு இப்படிக் கெட்டுப்போய்விடும் என்று காட்டுகிற படங்கள். மாணவர்கள் கேட்டு ஆரம்பித்தது. இந்த வகைப் படங்களை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படி எழுதுவது என்று இந்த இரண்டு வருஷத்தில் அடிபட்டுக் கற்றது நிறைய. எழுத ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் அடி திரையில் விழுந்தது. செட்டிநாட்டுச் சுவர் சுண்ணாம்புப் பூச்சு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகி மெழுகித் தேய்த்தது. கையை வைத்தால் சலவைக்கல் மாதிரி வழுக்கும், குளிரும். இவ்வளவு வெள்ளையான சுவர் இருக்கும்போது திரை எதற்கு என்று நேரே சுவரில் படத்தை விட்டோம். நடுவில் புரொஜக்டர் பல்பு ஒரு சூரியனாகத் தெரிந்தது. போதாததற்கு ஆத்தங்குடித் தரையும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. தையல்காரர்தான் வழி சொன்னார். இரண்டு எட்டு முழ வேட்டியைச் சேர்த்துத் தைத்து, முற்றத்தைச் சுற்றியிருக்கிற பத்தியில் இரண்டு தூணுக்கு நடுவே இழுத்துக் கட்டினோம். தரைக்கு ஜமுக்காளம். அன்றிலிருந்து அதுதான் எங்கள் திரை.

முற்றம் திறந்த முற்றம். பௌர்ணமியை ஒட்டி இருட்டான படம் போட்டால் ஒன்றும் தெரியாது. நாட்காட்டியைப் பார்த்து அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைக்கு இருட்டுப் படம், நிலவு இருக்கிற வாரத்துக்கு வெளிச்சமான படம் என்று மாற்றிக்கொண்டோம். இதைக் கற்பதற்குள் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். ‘பிளேட் ரன்னர் 2049’ படத்தைப் பற்றி, “மூட்டத்தைப் போட்டு வேலையை மறைத்திருக்கிறார்கள்” என்று எழுதிக் கூட்டத்தில் வாசித்தேன். லாஸ் வேகாஸ் காட்சி முழுக்க ஆரஞ்சுப் புழுதி. எங்கள் வேட்டியில் மஞ்சள் கரைத்து ஊற்றினாற்போல ஒரே பட்டையாகத் தெரிந்தது. பிறகு நண்பர் வீட்டு நல்ல டிவியில் பார்த்தபோது அந்தப் புழுதிக்குள் அடுக்கடுக்காக ஆழம் இருந்தது. தூரத்துச் சிலை, நடுவே கட்டடம், முன்னால் நடந்து வருகிற ஆள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயலில். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் 13 முறை ஆஸ்கர் பட்டியலில் இடம்பெற்றும் கிடைக்காமல், 14-வது முறையாக இந்தப் படத்துக்குத்தான் வாங்கினார். அந்த உழைப்பை என் பல்பை வைத்து அளந்துவிட்டேன். அடுத்த மாதம் கூட்டத்தில் அந்த வரியை எல்லோர் முன்னாலும் அடித்தேன். அதிலிருந்து ஒளிப்பதிவைப் பற்றி எழுதும்போது எந்தத் திரையில் பார்த்தேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். நல்ல திரையில் பார்க்காத படத்தின் வெளிச்சத்தைக் குறை சொல்வதில்லை.

எந்த வடிவத்தைப் பார்த்தோம் என்பதும் அதே அளவு முக்கியம். 1982-ல் வந்த பழைய ‘பிளேட் ரன்னர்’ பற்றி வங்கி சாருக்கும் ஒரு மாணவனுக்கும் அரை மணி நேரம் வாய்ச்சண்டை. சார், “கதாநாயகன் குரலில் கதை சொல்லிக்கொண்டே போகிறான், கடைசியில் பச்சைப் பசேல் என்று ஒரு சாலையில் முடிகிறது, சுகமான முடிவு” என்கிறார். மாணவன், “குரலே இல்லை சார், லிஃப்ட் கதவு மூடுவதோடு முடிகிறது” என்கிறான். இரண்டு பேரும் சொன்னது உண்மை. சார் பார்த்தது முதலில் தியேட்டருக்கு வந்த வடிவம், மாணவன் பார்த்தது 2007-ல் வந்த இறுதி வடிவம். ‘மெட்ரோபோலிஸ்’ கதை இன்னும் பெரிசு. ஃபிரிட்ஸ் லாங் எடுத்து 1927-ல் வந்த மௌனப் படம். வந்த கொஞ்ச நாளிலேயே வெட்டிவிட்டார்கள். வெட்டியதில் சுமார் 25 நிமிஷம் 2008-ல்தான் அர்ஜென்டினாவில், புவெனஸ் அயர்ஸ் நகரத்து சினிமா அருங்காட்சியகத்தில் கிடைத்தது. எண்பது வருஷம் உலகம் முழுக்கப் பெரிய பெரிய ஆட்கள் எழுதியது அந்த 25 நிமிஷம் இல்லாத படத்தைப் பற்றி. ஆகவே நோட்டில் படத்தின் பெயருக்குக் கீழே ஓடிய நேரம், வடிவம், பார்த்த மொழி, டப்பிங்கா சப்டைட்டிலா, இந்த நாலையும் குறித்துவிடுங்கள்.

நோட்டு வைத்துக்கொள்கிற முறையையும் இங்கேயே சொல்கிறேன். இடதுபக்கம், திரையில் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும். வலதுபக்கம், எனக்குத் தோன்றியது. இடதுபக்கத்தில் ஆதாரம் இல்லாமல் வலதுபக்கத்தில் ஒரு வரி எழுதக்கூடாது. “இயக்குநருக்கு ஏழைகள் மேல் அக்கறை இல்லை” என்று வலதுபக்கம் எழுத ஆசை வரும். இடதுபக்கத்தைப் பார்த்தால் அதற்கு ஒரு காட்சிகூட இருக்காது. அன்றைக்கு ராத்திரியே எழுதிவிட வேண்டும், மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன்னால். ஒருமுறை படித்துவிட்டால் அடுத்தவர் வார்த்தை நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ போட்ட ராத்திரி ஒரு சின்ன சோதனை செய்தோம். ஜார்ஜ் மில்லர் எடுத்து 2015-ல் வந்தது. படம் நெடுக வண்டிகள் துரத்துகின்றன, வெட்டு மேல் வெட்டு, ஆனாலும் கண் குழம்புவதில்லை. பார்க்க வேண்டிய பொருளை ஃப்ரேமின் நடுவிலேயே வைத்து எடுத்திருக்கிறார்கள் என்று அந்தப் படத்தில் வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். என் மனைவி ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து வேட்டியின் நட்டநடுவில் ஒட்டினாள். பத்து நிமிஷம் அந்தப் பொட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். காட்சி மாற மாற முகம், துப்பாக்கி, ஸ்டியரிங், சக்கரம் என்று ஒவ்வொன்றாகப் பொட்டின் மேலேயே வந்து நின்றன. ஆசிரியை “அட!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். மார்கரெட் சிக்ஸலுக்கு எடிட்டிங் ஆஸ்கர் எதற்குக் கொடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உடம்பில் உறைத்தது. வேகமான படம் எதைப் பார்த்தாலும் நீங்களும் ஒரு பொட்டை ஒட்டிப் பாருங்கள். டிவியிலும் ஒட்டலாம்.

அதே படத்தில் தண்ணீர்க் காட்சியை யாராலும் மறக்க முடியாது. மலைமேல் உட்கார்ந்திருக்கிறவன் மதகைக் கொஞ்ச நேரம் திறப்பான், கீழே ஜனம் சட்டியும் கிண்ணமுமாக முண்டும், தண்ணீருக்கு அடிமையாகாதீர்கள் என்று உபதேசம் செய்துவிட்டு மூடிவிடுவான். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து ஊருணிக்குப் போகும்படி வீடு கட்டிய ஊர். “கடைசியில மதகை யார் திறக்குறாங்கன்னு கவனிச்சீங்களா?” என்று தையல்காரர் கேட்டார். நாயகனும் நாயகியும் திறப்பதில்லை. பால் கறப்பதற்கென்று அடைத்து வைத்திருந்த தாய்மார்கள் திறக்கிறார்கள். முதலில் இரண்டு நிமிஷம் காட்டிவிட்டு மறந்துவிட்டார்கள் என்று நான் நினைத்த பெண்கள். அந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

‘கல்கி 2898 ஏடி’யைப் பற்றி எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. 2024-ல் வந்த படம். கங்கை வற்றிப்போன காசி, அதற்கு மேலே தலைகீழ்ப் பிரமிடாகத் தொங்குகிற காம்ப்ளெக்ஸ், உள்ளே போவதற்கு யூனிட் என்கிற பணத்தைச் சேர்க்கிற ஜனம். நம் ஊர்ப் புராணத்தையும் நாளைய உலகத்தையும் ஒரே துணியில் நெய்யலாம் என்று இவ்வளவு பெரிய அளவில் முயன்றதற்கே இயக்குநர் நாக் அஸ்வினைக் கும்பிடலாம். அஸ்வத்தாமனாக அமிதாப் பச்சன் எழுந்து நிற்கிற இடத்தில் மாணவர்கள் விசிலே அடித்தார்கள். ஆனால் அந்த உலகத்தை எனக்குக் கண்முன் கொண்டுவந்தது காசியின் தெரு. படம் கதாநாயகன் பக்கம் போனதும் அந்தத் தெரு பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் அடைத்து வைத்திருக்கும் கர்ப்பிணிகளில் ஒருத்தி தப்பிக்கிறாள். மற்றவர்கள்? அடுத்த பாகத்தில் வரலாம். முதல் பாகத்தை வைத்து முடிவு சொல்வது நியாயமில்லை என்று ஆசிரியை சொன்னதை ஏற்றுக்கொண்டு, வலதுபக்கத்தில் கேள்வியாக மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி எனக்கு வந்ததே ஆச்சி போன் செய்த பிறகுதான்.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன். ஆச்சி வழக்கமாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொல்லிக்கொண்டே வருவேன். உலகத்தில் 18 வருஷமாகக் குழந்தையே பிறக்கவில்லை, கதை நடக்கிறது 2027-ல், அதிசயமாக ஒருத்தி கர்ப்பமாகிறாள், அவளைக் காப்பாற்றிக் கொண்டுபோகிறார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆளில்லாத பள்ளிக்கூடம் ஒன்று வரும். நடையில் ஒரு மான் ஓடும். “நம்ம பள்ளிக்கூடத்துல மயிலு” என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் படித்த பள்ளிக்கூடம் பிள்ளைகள் சேராமல் மூடி ரொம்ப நாள் ஆகிறது. சண்டைக்கு நடுவே கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டு சிப்பாய்கள் துப்பாக்கியை இறக்குகிற இடத்தில் எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது. ஆச்சி கலங்கவில்லை. முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

போன் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைப் பணியாரம் ஊற்றியிருக்கிறேன், வா என்றார்கள். அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் சொன்னார்கள். ஆச்சியின் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) ரங்கூனில் கிட்டங்கி, அதாவது தொழில் நடத்துகிற இடம், இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் லட்சக்கணக்கில் இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள். அப்பச்சியோடு கிட்டங்கியைப் பார்த்துக்கொள்கிற மேலாள் ஒருவர், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள் ஒருவர், சின்ன வேலைகளுக்குப் பெட்டியடிப் பையன் ஒருவன். நாலு பேரில் மூன்று பேர்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள். பையனுக்குக் காய்ச்சல் கண்டு வழியில் விட்டுவிட்டு வந்தார்கள்.

“அப்பச்சி அதை எங்ககிட்டச் சொன்னதே ரெண்டு தடவைதான். சொல்லும்போது பையன் ஊரைச் சொல்லுவாக, அவன் ஆத்தா பேரைச் சொல்லுவாக. அவன் பேரைச் சொல்லமாட்டாக.”

நான் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

இந்த வகைப் படங்களைப் பற்றிப் பேசும்போது, சொன்னது பலித்ததா என்று பார்க்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பழைய ‘பிளேட் ரன்னர்’ கதை நடப்பது 2019-ல். பறக்கும் கார் எங்கே என்று கேட்பார்கள். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது விட்டுவிட்டேன். ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ காட்டுகிற, அகதிகளை அடைக்கிற கூண்டும், அகதியை இறக்குகிற பஸ்ஸும், எடுத்தவர்கள் காலத்தில் கண்ணால் பார்த்துப் பயந்தவை. ஆச்சிக்கோ, பிறந்த வருஷத்தை ஒட்டித் தன் வீட்டில் நடந்து முடிந்த விஷயம். இப்போது நான் தேடுவது வேறு. ஓடுகிற கூட்டத்தில் யாரை இறக்கிவிட்டார்கள், இறக்கிவிட்டது படத்துக்குத் தெரிந்திருக்கிறதா? இடதுபக்கத்தின் அடியில் இதற்கென்று இடம் விடுகிறேன். பாதியில் காணாமல் போன ஒவ்வொருவரின் பெயரும், எத்தனையாவது நிமிஷத்தில் போனார் என்பதும். பெயர் சொல்லப்படாதவர் என்றால் “சிவப்புச் சட்டைப் பெரியவர்” என்று எழுதுவேன்.

2025-ல் வந்த போங் ஜூன்-ஹோவின் ‘மிக்கி 17’ முழுப் படமுமே அப்படி இறக்கிவிடப்பட்டவனைப் பற்றியதுதான். செத்தால் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம் என்று வேலைக்கு எடுத்த ஆள். ஆரம்பத்தில் பனிப்பள்ளத்தில் விழுந்து கிடக்கிறான். சிநேகிதன் வருகிறான், ஆயுதத்தை எடுத்துக்கொள்கிறான், இவனை விட்டுவிட்டுப் போகிறான். நாளைக்கு இன்னொரு மிக்கி வந்துவிடுவானே! நகல் எடுத்துப் பிழைக்கிறவன் நான். அந்த அச்சு மெஷின் அவனைத் தள்ளித் தள்ளி வெளியே விடுகிற காட்சி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பின்பாதியில் தலைவனும் அவன் மனைவியும் சத்தமாகப் பேசிப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பது என் குறை. முதல் ஒரு மணி நேரத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

ஒரு ஆசையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதிக்கு சினிமா புதிதில்லை. 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ எடுக்கப்பட்டது காரைக்குடிக்குப் பக்கத்தில், தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஏவி.எம். ஸ்டுடியோவில். இன்றைக்கும் படப்பிடிப்பு வண்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வருகிறவர்கள் எடுப்பது கல்யாண வீடு, பஞ்சாயத்து, பண்ணையார். நாளைய கதையை இங்கே யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1965-ல் ‘ஆல்ஃபாவில்’ எடுத்தபோது செட்டே போடவில்லை; அன்றைய பாரிஸையே எதிர்கால நகரமாகக் காட்டினார். கிரிஸ் மார்க்கர் 1962-ல் 28 நிமிஷப் படத்தைக் கிட்டத்தட்ட முழுக்க நிழற்படங்களை வைத்தே முடித்தார். அறுபது பேர் உண்டு உறங்கிய வீட்டில் ஒருவர் மட்டும் விளக்கேற்றுகிற தெரு எங்களிடம் இருக்கிறது. தேக்குத் தூணைக் கழற்றி லாரியில் ஏற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மாணவர்களிடம் போன் இருக்கிறது. எடுங்கள் என்று ஒவ்வொரு மாதமும் கேட்கிறேன்.

அடுத்த அமாவாசைச் சனிக்கிழமை ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ மறுபடியும் போட்டோம். ஆச்சிதான் கேட்டார்கள். முழுப் படமும் வேண்டாம், பஸ் மட்டும் போதும் என்றார்கள். அதற்கு முன்னாலிருந்தே ஓடவிட்டேன். பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. பஸ்ஸுக்குள் காவலாளி ஏறுகிறான், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறான். அவளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து மிரியம் சாமி வந்தவள்போல உரக்க ஜெபம் சொல்ல ஆரம்பிக்கிறாள். காவலாளி அவள் பக்கம் திரும்புகிறான். அவளை இழுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். பஸ் நகர்கிறது.

“நிறுத்து” என்றார்கள். நிறுத்தினேன். திரும்பப் போடச் சொன்னார்கள். மூன்று தடவை போட்டேன்.

“இறக்கல தம்பி” என்றார்கள். “அவளா எறங்கினா. அவன் அந்தப் பொண்ணைப் பாத்துறக் கூடாதுன்னு எறங்கினா.”

இந்தப் படத்தை நான் அதற்கு முன்னால் நாலு முறை பார்த்தவன். விளக்கைப் போட்டதும் நோட்டை எடுத்தேன். இடதுபக்கத்தின் அடியில், “மிரியம், மருத்துவச்சி, பஸ்ஸில் இருந்து இறக்கப்பட்டார்” என்று இருந்தது. கடைசி வார்த்தையை அடித்து “இறங்கினார்” என்று எழுதி, நிமிஷத்தையும் குறித்தேன். ஆச்சி தூணைப் பிடித்து எழுந்து, வேட்டியை மடித்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்கள்.